அலமாரியில் சும்மா கிடந்த கேமராவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியட்டும். தெரிந்தவர் வீட்டில், இறந்துபோன பெரியவர் ஒருவரின் கேனன் ஏஇ-1 ஃபிலிம் கேமரா பையோடு விலைக்கு வந்திருக்கிறது. கூடவே 50 மி.மீ. எஃப்1.8, 135 மி.மீ. என்று இரண்டு கேனன் லென்ஸ்கள், வேறு ஏதோ கம்பெனியின் ஜூம் ஒன்று, ஃபிளாஷ், தோல் உறை. "எடுத்து வைக்கும்போது நன்றாகத்தான் ஓடியது, இப்போது பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் அதே கேமரா ஒரு விலைக்கும் கிடக்கிறது, அதன் நான்கு மடங்குக்கும் கிடக்கிறது. இவர்கள் கேட்பது நடுவில் எங்கோ இருக்கிறது. இது நியாயமான விலையா, ஏமாறப்போகிறேனா என்கிறீர்கள்.

ஏஇ-1 என்ன விலைக்குப் போகும் என்பது சுலபமான கேள்வி. அரை மணி நேரம் தேடினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஓடுமா ஓடாதா என்று யாருக்குமே தெரியாத ஒரு ஏஇ-1-க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் உங்கள் நிஜமான கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், பாதி பிழைப்பு, பாதி பைத்தியம். வாங்கி விற்றும் இருக்கிறேன், கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு மடங்கு விவகாரம். விற்பவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான். மூன்று மாதமாக விற்காமல் கிடக்கும் விளம்பரத்தைப் பார்த்து விலை கணிக்கக் கூடாது. ஈபே போன்ற தளங்களில் விற்றுப்போனவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். அதிலும் விலையின் குறுக்கே கோடு அடித்திருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைவாக முடிந்திருக்கிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து விற்பனைகளை எடுத்து, மேலே ஒன்றிரண்டு, கீழே ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். அப்போது தெரியும், ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன. சர்வீஸ் செய்து, ஃபிலிம் ரோல் போட்டுப் பார்த்து, சில மாத உத்தரவாதத்தோடு கடைக்காரர் கொடுப்பது ஒன்று. "எனக்கு நன்றாக ஓடுகிறது" என்று தனிநபர் விற்பது இரண்டாவது. "சோதிக்கவில்லை, இருப்பது இருக்கிறபடியே" என்று தள்ளிவிடுவது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றுக்குள்ளும் விலை அவ்வளவு தாறுமாறாக இருக்காது.

தரம் குறிக்கும் சொற்களை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பானிலிருந்து விற்பவர்கள் பலர் 'எக்ஸலன்ட்' என்று போட்டு அதற்குப் பின்னால் ஐந்து கூட்டல் குறி போடுவார்கள். கீழே சின்ன எழுத்தில் "லேசான பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது" என்று இருக்கும். அது பொய் இல்லை, எழுதியிருக்கிறார், நாம்தான் படிக்கவில்லை. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் கணக்கு வேறாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது மூன்றாவது வகை. அதற்கு நான் போடும் கணக்கு இது. உத்தரவாதத்தோடு ஓடும் ஒன்றின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் எட்ட முடிகிற மெக்கானிக் ஒருவரிடம் முழு சர்வீஸுக்கு எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள், வாங்கிய பிறகு அல்ல. 60 என்கிறார் என்று வைப்போம். ஏஇ-1 மாதிரி லட்சக்கணக்கில் தயாரான கேமராக்களில் சர்வீஸ் கூலி இப்படித்தான் பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) விலையை நெருங்கி நிற்கும். அப்படியானால் சோதிக்காத கேமராவுக்கு 40-க்கு மேல் கொடுப்பது சூதாட்டம். பிரித்த பிறகு "இது தேறாது" என்று அவர் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது, அதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். உங்கள் கண்ணெதிரே ஓடிக்காட்டினால் 70, 75 வரை போகலாம். 100 கொடுக்கவே கூடாது, ஏனென்றால் அந்த மிச்சப் பணம் கடைக்காரர் தரும் உத்தரவாதத்துக்கானது, இங்கே அது கிடையாது.

ஆக, 40-க்கும் 75-க்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு பேட்டரி. ஏஇ-1-க்கு வேண்டியது 4எல்ஆர்44 எனும் 6 வோல்ட் பேட்டரி, இன்றும் கிடைக்கிறது, சல்லிசு. "பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்று விற்கத் தெரிந்த ஆசாமி எழுதினால் எனக்குச் சந்தேகம் வரும், இவ்வளவு மலிவான ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்? உங்கள் விஷயத்தில் விற்பவர்கள் கேமரா தெரியாத குடும்பத்தார், அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எதற்கு ஊகம், நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கூடவே ஒரு சின்ன டார்ச்.

போடுவதற்கு முன் பேட்டரி அறையைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. முனையில் மட்டும் இருந்தால் துடைத்துவிடலாம், உள்ளே ஒயர் வரை போயிருந்தால் தலைவலி. மூடியின் பிளாஸ்டிக் கொக்கி இந்த மாடலில் அடிக்கடி உடையும், அதற்காகப் பயப்பட வேண்டாம், விலையில் கொஞ்சம் குறைக்கலாம். பேட்டரி போட்டு, ஃபிலிம் நகர்த்தும் லீவரை இழுத்து, பட்டனை அழுத்துங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஷட்டர் பட்டனைப் பூட்டும் சின்ன நெம்பு பூட்டிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். செத்துப்போனது என்று என்னிடம் கொண்டுவந்த கேமராக்களில் சிலவற்றுக்கு நான் செய்த ஒரே வைத்தியம் அந்த நெம்பைத் திருப்பியதுதான். அதற்குக் கூலி வாங்கவில்லை, டீ மட்டும்.

ஓடினால் சத்தத்தைக் கவனியுங்கள். லென்ஸுக்குப் பின்னால் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி மேலே போகும்போது ஆஸ்துமாக்காரர் மூச்சிழுப்பதுபோல ஒரு கிறீச் சத்தம் வந்தால், அது கேனன் ஏ வரிசைக் கேமராக்களின் பேர்போன வியாதி. கண்ணாடியை இயக்கும் பற்சக்கரங்களில் மசகு காய்ந்துவிட்டது. சரியான இடத்தில் சரியான எண்ணெய் ஒரு துளி போட்டால் போதும், முழு சர்வீஸ் வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே யாராவது கண்ட எண்ணெயைப் பீச்சியிருந்தால் அது பரவி இன்னொரு வியாதியை உண்டாக்கும். சத்தம் இருப்பது பேரத்துக்கு உங்களுக்குச் சாதகம்தான், நான் அதை ஒரு குறையாகச் சொல்லி விலையைக் குறைப்பேன், ஆனால் அதற்காக வாங்காமல் வரமாட்டேன்.

அடுத்து வேகம். ஏஇ-1-இன் ஷட்டர் 2 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை போகும். 1 நொடியில் வைத்துப் போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள், திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று அலைவடிவத்தில் பார்த்துவிடலாம். 1/30 வரை இந்த வித்தை ஓரளவு எடுபடும். வேகமானவற்றுக்குப் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வானத்தைப் பார்த்து 1/1000-இல் அடியுங்கள். துணி ஷட்டர் இது, இரண்டு திரைகள் பக்கவாட்டில் ஓடுவது. கண்ணுக்கு ஒரு முழுச் செவ்வகம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை, அது மெக்கானிக் வேலை. பின்கதவு ஓரத்தில் கறுப்பு நுரைப் பட்டை பிசுபிசுவென்று தார்போல விரலில் ஒட்டும். பெரும்பாலான பழைய கேமராக்களில் அப்படித்தான், பட்டையை மாற்ற ஆகும் செலவு அற்பம், பொறுமை இருந்தால் நீங்களே மாற்றலாம்.

அப்புறம் லென்ஸ். இங்கேதான் பலர் தப்பான குறைக்குப் பயந்து சரியான குறையை விட்டுவிடுகிறார்கள். டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். அப்படிப் பார்த்தால் புதிய லென்ஸே குப்பையாகத்தான் தெரியும், தூசியைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிலந்தி வலைபோல, வேர்போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. சுத்தம் செய்தால் போகும், ஆனால் நாள்பட்டதாக இருந்தால் மேற்பூச்சை அரித்து அச்சு விட்டிருக்கும், அந்த அச்சு போகாது. கண்ணாடியில் ஆவி பிடித்ததுபோல மங்கலாக இருந்தால் அது ஹேஸ், வெளிச்சத்தை எதிர்த்து எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப்போகும். ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால், ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரிகின்றன, அதைச் சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாம். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலா? படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஆனால் விலையைக் குறைக்கும். எனக்குப் பிடித்த பேரம் அந்த மாதிரி லென்ஸ்தான். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் நிலைமை வேறு, ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம்.

அப்பர்ச்சர் இதழ்களில், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளில், எண்ணெய் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லென்ஸைக் கேமராவில் மாட்டி, அப்பர்ச்சர் வளையத்தை 16-இல் வைத்து, ஷட்டரை 1 நொடிக்கு விட்டு, திறந்த பின்கதவு வழியாகப் பாருங்கள். நடுவில் சின்ன ஓட்டை 'டக்'கென்று வந்து நிற்க வேண்டும். சோம்பலாக மூடினாலோ மூடாமலே இருந்தாலோ இதழ்கள் ஒட்டுகின்றன.

ஒரு கிளைக்கதை. எல்லா மஞ்சளும் அழுக்கு அல்ல. பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்1.4 போன்ற சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, அது வருடக்கணக்கில் தேநீர் நிறத்துக்கு மாறும். புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். இது தெரியாமல் விற்பவர் குறைத்துக் கொடுத்தால் உங்களுக்கு யோகம். உங்கள் கேனன் 50 மி.மீ. எஃப்1.8-க்கு இந்தக் கதை பொருந்தாது.

பையில் இருக்கும் மற்றவற்றுக்கு என் கணக்கில் மதிப்பு சுழி அல்லது அதற்குப் பக்கத்தில். வேறு கம்பெனி ஜூமை யாரும் தேடி வாங்குவதில்லை. ஃபிளாஷ் எரிந்தால் நல்லது, ஆனால் பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் அதிகம், டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்க்காதீர்கள். தோல் உறை பார்க்க அழகு, பூஞ்சைக்கு அதுதான் தாய்வீடு, கேமராவை இனி அதில் வைக்க வேண்டாம். 135 மி.மீ. மட்டும் கொஞ்சம் பெறும். 1987-இல் கேனன் இஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்து, இந்த லென்ஸ்கள் மாட்டும் எஃப்டி மவுன்ட் என்ற பொருத்தியைக் கைவிட்டது. புதிய பாடிகளில் எஃப்டி லென்ஸ் நேராக உட்காராது, இடையில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்தை ஃபோகஸ் செய்ய முடியாது, அதனால் இருபது வருடம் போல அவை கேட்பாரற்றுக் கிடந்தன. 2008-க்குப் பிறகு மிரர்லெஸ் (மேலே போகும் கண்ணாடி இல்லாத) கேமராக்கள் வந்ததும் வெறும் வளையம் போதும் என்றாகி, விலை ஏறியது. ஏறியது பெரும்பாலும் அகலத் திறப்புள்ள லென்ஸ்களுக்கு, சாதாரண 135-க்கு அவ்வளவு இல்லை. ஆகவே விலையைப் பாடிக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் மட்டும் பேசுங்கள், 135 மி.மீ. லென்ஸுக்குக் கொஞ்சம் சேருங்கள். "இத்தனை சாமான் இருக்கிறதே" என்று மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் விலையில்தான் பலர் விழுகிறார்கள்.

இன்னொன்று, பெயருக்காகக் கொடுக்கும் பணம். பென்டாக்ஸ் கே1000 1976-இலிருந்து 1997 வரை வந்தது, புகைப்பட வகுப்புகளில் மாணவர் கேமரா என்று பேர் வாங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த கேஎம்-இல் சில வசதிகளைக் கழித்துவிட்டுச் செய்ததுதான் கே1000. செல்ஃப் டைமரும் கூடுதலாக உள்ள கேஎம் பல சமயம் கே1000-ஐவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், பெயர் தெரியாது என்ற ஒரே காரணத்தால். ஏஇ-1-க்கும் அந்தப் பெயர் வரி உண்டு. 1976-இல் வந்தது, நுண்செயலி வைத்த முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா), எல்லாருக்கும் தெரியும். அதே லென்ஸைப் போடும் கேனன் ஏவி-1 போன்றவை அருகிலேயே மலிவாக இருக்கும். கான்டாக்ஸ் டி2, ஒலிம்பஸ் மியூ-2 போன்ற பாக்கெட் கேமராக்களில் பெயர் வரி உச்சம். படம் அழகாகத்தான் வரும். ஆனால் உள்ளே எலெக்ட்ரானிக் பலகை போனால் மாற்றுப் பலகை இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் வர வேண்டும். என் காசைப் போட்டு வாங்கமாட்டேன். பழசு என்பதாலேயே விலை உண்டு என்பதும் தவறு. எத்தனையோ மடிப்புக் கேமராக்கள் இன்றைக்கு ஃபிலிமே கிடைக்காத அளவுகளுக்குச் செய்யப்பட்டவை, அலமாரிக்குத்தான் அழகு.

இவ்வளவு பேசும் நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு படத்தை மட்டும் பார்த்து ஒலிம்பஸ் ஓஎம்-1 ஒன்றைத் தபாலில் வாங்கினேன். விலை சந்தையில் பாதி. வெளியே ஒரு கீறல் இல்லை. பெட்டியைப் பிரித்து வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால், கீழ்ப்பாதியில் ஆற்றங்கரைச் சேறுபோல ஒரு பழுப்புத் தடம். வியூஃபைண்டருக்குள் இருக்கும் பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டிக்கு மேல் ஒட்டியிருந்த நுரை உருகி வெள்ளிப் பூச்சைத் தின்றிருந்தது. அந்த மாடலில் சகஜமான நோய், எனக்குத் தெரிந்த நோய்தான், வியூஃபைண்டர் வழியாக ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. போதாததற்கு அதன் வெளிச்சம் அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது, அந்த பேட்டரி இன்று தயாரிப்பில் இல்லை, 1.5 வோல்ட்டைப் போட்டால் அளவு தப்பும். பிரிசத்துக்காக இன்னொரு ஓஎம்-1 வாங்கி, மீட்டருக்கும் வேலை பார்த்து முடிக்கையில், சர்வீஸ் செய்த நல்லது ஒன்றின் விலையைத் தாண்டிவிட்டேன். இன்று வரை அதுதான் என்னிடம் உள்ள கேமராக்களில் விலை உயர்ந்த 'மலிவு'.

இதில் எதை அடித்துச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்றும் பிரித்துவிடுகிறேன். பூஞ்சை, ஹேஸ், நுரை, கிறீச் சத்தம், மெதுவான வேகங்கள் எல்லாம் பார்த்தும் கேட்டும் தெரிந்துவிடும், அவற்றில் சந்தேகம் வேண்டாம். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதைப் போனில் உள்ள மீட்டர் ஆப்போடு ஒப்பிட்டு உத்தேசமாகச் சொல்லலாம், ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) வித்தியாசத்துக்குள் வந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். வெளிச்சம் எங்காவது கசிகிறதா, ஃபிலிம் சீராக நகர்கிறதா என்பது ஒரு ரோல் முழுதாக எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும், அந்த ரோலின் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நன்றாக ஓடும் எலெக்ட்ரானிக் சர்க்யூட் அடுத்த வருடம் ஓடுமா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஏஇ-1-இல் பேட்டரி செத்தால் ஷட்டரே அடிக்காது. நிக்கான் எஃப்எம் மாதிரி முழு மெக்கானிக்கல் கேமராவுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பதற்கும், ஏஇ-1-க்கு 75-ஐத் தாண்டாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம்.

அந்தக் குடும்பத்தாரிடம் போனால், முடிந்தால் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, ஒரு வாரம் வைத்து ஒரு ரோல் எடுத்துப் பார்க்கிறேன், சரியாக இருந்தால் மீதியைத் தருகிறேன் என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் என்பதால் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால் என் கணக்கில் 80 வரைகூடக் கொடுப்பேன், ஆபத்தில் பாதியை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் அல்லவா. விலை குறைவாகச் சொல்லும்போது காரணத்தைக் காட்டிச் சொல்லுங்கள், லென்ஸில் டார்ச் அடித்து அவர்களையும் பார்க்கச் செய்யுங்கள். அப்பாவின் கேமராவை மட்டம் தட்டுகிறான் என்று அவர்களுக்குத் தோன்றக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். பின்கதவைத் திறக்கும் முன், இடது பக்கம் மேலே உள்ள ரீவைண்ட் கைப்பிடியை மடக்கி எடுத்து, அம்புக்குறிப் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சும்மா சுழன்றால் உள்ளே ஒன்றும் இல்லை. இழுத்துப் பிடித்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது, கதவைத் திறக்காதீர்கள். அடியில் உள்ள சின்ன பட்டனை அழுத்தி முழுவதும் சுற்றி எடுத்து, ரோலை அவர்கள் கையில் கொடுங்கள். பல வருடம் கிடந்த ஃபிலிமிலும் மங்கலாகவாவது படம் வரும், கறுப்பு வெள்ளையாக இருந்தால் இன்னும் நன்றாக வரும். விலை பேசுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.